பூட்லெக் டேப்புக்கு ரிஷிமூலம் கேட்டே ஆக வேண்டும்

ரிஷிமூலம், நதிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள். பூட்லெக் சேகரிப்பில், அதாவது அதிகாரபூர்வமாக வெளிவராமல் ரசிகர்களிடையே கைமாறும் பதிவுகளைச் சேர்ப்பதில், முதல் கேள்வியே அதுதான். ஒரு ராக் குழுவின் கச்சேரிப் பதிவோ டெமோவோ (ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவு) கைக்கு வந்தால் ஊரையும் தேதியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த மைக், எந்த ரெக்கார்டர், அங்கிருந்து எத்தனை கை மாறி வந்தது என்பதை முதலில் பாருங்கள். அந்த விவரம் இல்லாத ஆயிரம் பதிவை அடுக்கி வைப்பதைவிட, விவரத்தோடு ஐம்பது வைத்திருப்பது மேல்.

அட்டையில் எழுதியிருப்பதை ஏன் நம்பக் கூடாது என்பதற்குப் பெரிய உதாரணம் பாப் டிலன். 1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் அவர் வாசித்த கச்சேரி, 'லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்' என்ற பெயரிலேயே பல வருடம் கைமாறிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்!' என்று கத்துவது இதில்தான். 1998இல் இது அதிகாரபூர்வமாக வெளிவந்தபோதுகூட அந்தத் தப்புப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்த அளவுக்குப் பெயர் ஒட்டிப் போயிருந்தது. மே 26ஆம் தேதி நடந்த நிஜ ஆல்பர்ட் ஹால் கச்சேரி 2016இல்தான் தனியாக வந்தது. இத்தனை பேர் கேட்ட பதிவுக்கே இந்தக் கதி என்றால், யாரோ ஒருவர் பால்பாயின்ட் பேனாவில் 'பாஸ்டன் 73' என்று கிறுக்கிய கேசட்டை எப்படி நம்புவது?

பதிவு எடுத்த வழி அடிப்படையில் மூன்றுதான்: ஆடியன்ஸ் (கூட்டத்தில் மைக் வைத்து எடுத்தது), சவுண்ட்போர்டு (அரங்கத்தின் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது), எஃப்எம் (ரேடியோ ஒலிபரப்பிலிருந்து எடுத்தது). காதில் மாட்டும் மானிட்டரின் அலைவரிசையைப் பிடித்தது, காது கேளாதோருக்கான ஒலிபரப்பைப் பிடித்தது எல்லாம் பிற்காலக் கிளைகள். அவற்றில் குரல் தூக்கலாகவும் கூட்டம் செத்தும் இருக்கும்.

சவுண்ட்போர்டு என்ற பெயரைக் கேட்டதுமே பலருக்கு நாக்கில் எச்சில் ஊறும். சின்ன கிளப்பில் எடுத்த சவுண்ட்போர்டு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். பாடகர் காதுக்குள் உட்கார்ந்து பாடுவார், கிட்டார் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலக் கேட்கும். சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்பும் டிரம்ஸும் தங்கள் சத்தத்தாலேயே இடத்தை நிரப்பிவிடும். மிக்ஸர் வழியாகப் போவது பெரும்பாலும் குரல் மட்டும்தான். அந்தக் கலவை அரங்கத்துக்காகப் போட்டது, டேப்புக்காகப் போட்டதில்லை. இதற்கு விதிவிலக்கு, டேப்புக்கென்றே யாராவது தனியாக மிக்ஸ் செய்திருப்பது. கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு பெட்டி கேன்டர்-ஜாக்சன் அப்படிச் செய்தார். 1977 மே 8 கார்னெல் கச்சேரிக்கு இவ்வளவு பெயர் வந்ததில் வாசிப்புக்கு எத்தனை பங்கோ, அத்தனை பங்கு அந்தப் பதிவுக்கும் உண்டு. வாடகைக் கிடங்கில் கிடந்த அவருடைய டேப்புகள் 1986இல் ஏலத்துக்குப் போய், அங்கிருந்துதான் ரசிகர்கள் கைக்கு வந்தன. கார்னெல் அதிகாரபூர்வமாக வெளிவர 2017 ஆயிற்று.

மறுபக்கம், நல்ல ஆடியன்ஸ் பதிவு மட்டமான சவுண்ட்போர்டை ஊதித் தள்ளிவிடும். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மைக் மில்லர்ட் என்பவர் ஏகேஜி மைக்குகளையும் நாகமிச்சி 550 ரெக்கார்டரையும் சக்கர நாற்காலியில் மறைத்து உள்ளே கொண்டுபோவார். 1977 ஜூன் 21 அன்று ஃபோரம் அரங்கில் லெட் செப்பலினை அவர் எடுத்த பதிவில் டிரம்ஸின் எடை, அரங்கத்தின் அகலம், கூட்டத்தின் மூச்சு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதே சுற்றுப்பயணத்தின் வறண்ட சவுண்ட்போர்டுகள் அதற்கு முன் நிற்காது என்பது என் கட்சி.

எஃப்எம் பதிவில் ஒரு வரம்பு உண்டு. ஸ்டீரியோ ஒலிபரப்பில் 19 கிலோஹெர்ட்ஸில் பைலட் அலை ஓடுவதால், இசையை 15 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டிவிடுவார்கள். ஒலியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் 15க்கு மேல் காலியாகவும், 19இல் மெல்லிய நேர்கோடாகவும் தெரிந்தால் ரேடியோவிலிருந்து பிடித்தது என்று அடித்துச் சொல்லலாம். நிலையங்களுக்கு அனுப்பிய டிஸ்க்கிலிருந்தோ ரீலிலிருந்தோ நேராக எடுத்ததை 'ப்ரீ-எஃப்எம்' என்பார்கள். அதில் இந்த வெட்டு இருக்காது, டிஸ்க்காக இருந்தால் பதிலுக்கு ஊசிச் சத்தம் இருக்கும். ப்ரீ-எஃப்எம் என்று எழுதி 15இல் வெட்டு இருந்தால் எழுதியவர் ஆசையில் எழுதியிருக்கிறார்.

அடுத்தது தலைமுறைக் கணக்கு. மாஸ்டர் கேசட்டிலிருந்து எடுத்த பிரதி முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாவது. ஒவ்வொரு பிரதியிலும் டேப் தன் இரைச்சலைச் சேர்க்கும். ஒரே தரமான டேப் என்றால் முதல் பிரதியில் இரைச்சல் 3 டெசிபல் ஏறும், மூன்றாவது தலைமுறையில் மாஸ்டரைவிட 6 டெசிபல் ஏறியிருக்கும். இரைச்சலைக்கூடக் காது பழகிக்கொள்ளும். உண்மையில் டேப்பைக் கொல்வது டெக்குக்கு டெக் மாறும் வேகமும், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வும், டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையில் வரும் குழப்பமும்தான். டால்பி பி போட்டுப் பதிவானதை டால்பி இல்லாமல் கேட்டால் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) பளிச்சென்று இருக்கும். 'இதுதான் நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் டால்பியை அணைத்துவிட்டுப் பிரதி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பளபளப்புக்குப் பயந்து டால்பியைப் போட்டு ஓட்டுவார். இடையில் சத்த அளவு மாறியிருப்பதால் டால்பி தவறான இடத்தில் வேலை செய்து, ஒலி மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். அப்படிக் கெட்டதை நிமிர்த்த வழி இல்லை. முந்தைய தலைமுறையைத் தேடுவதுதான் ஒரே வைத்தியம்.

டிஜிட்டல் காலத்தில் தலைமுறைக் கவலை போய், எம்பி3 கவலை வந்தது. யாரோ எம்பி3யிலிருந்து சிடி எரித்திருப்பார், இன்னொருவர் அந்த சிடியை ஃபிளாக் (ஒலி இழக்காமல் சுருக்கும் கோப்பு) ஆக்கியிருப்பார். கோப்பின் பெயர் ஃபிளாக், உள்ளே இருப்பது பழைய சரக்கு. ஸ்பெக் அல்லது ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள். 128 கிலோபிட் எம்பி3 என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் அறுத்தது போல நேராக முடியும். 320 என்றால் 20 பக்கம். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. 1970களின் ஆடியன்ஸ் கேசட்டில் 14க்கு மேல் எதுவும் இல்லாமலே இருக்கலாம். வித்தியாசம் சரிவில் இருக்கிறது: கேசட் மெல்ல மெல்ல மங்கும், எம்பி3 சுவர் போல நிற்கும்.

இதைவிட நம்பகமான சோதனை டிராக் இணையும் இடம். கச்சேரியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரை கைதட்டல் அறாமல் ஓட வேண்டும். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் நிரப்பல் சேரும். சாதாரணமாக விரித்தால் 1105 சாம்பிள், அதாவது சுமார் 25 மில்லிசெகண்ட் மௌனம் அங்கே நிற்கும். இரண்டு டிராக்கையும் ஒட்டி வைத்து இணைப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். கைதட்டலின் நடுவே அலை சட்டென்று கோடாகிப் பிறகு எழுந்தால், அந்தப் பதிவு எங்கோ எம்பி3 குழியில் விழுந்து எழுந்து வந்திருக்கிறது. ஒரு டிராக்கில் தப்பலாம், இருபது டிராக்கிலும் அதே குழி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கிட்டத்தட்ட அதே மாதிரி தோன்றும் இன்னொரு கோளாறையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சிடியில் ஒரு செகண்டுக்கு 75 செக்டார், ஒவ்வொன்றிலும் 588 சாம்பிள். டிராக்கை 588இன் மடங்கில் வெட்டாவிட்டால், சிடி எரிக்கும்போது கடைசி செக்டாரின் மீதியைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். டிராக் மாறும்போது 'டிக்' என்று கேட்பது இதனால். கோப்பு தரத்தில் குறை இல்லை, வெட்டியவர் கவனக்குறைவு. எஸ்ஹெச்என்டூல் மென்பொருளில் நீளம் பார்க்கும் கட்டளை தப்பான டிராக்குகளைக் காட்டும், திருத்தும் கட்டளை மிச்ச சாம்பிள்களை அடுத்த டிராக்குக்குத் தள்ளிச் சரிசெய்துவிடும். ஒரே அரங்கப் பதிவில் பாட்டுக்குப் பாட்டு சரியாக 2 செகண்ட் மௌனம் வந்தால் அது மூன்றாவது ரகம்: சிடியை டிராக் டிராக்காக எரித்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் எரிக்கும் முறையில் செய்திருந்தால் அது வராது.

வேகம்தான் இந்தத் தொழிலின் பாதி

காதுக்கு 'ஏதோ உறுத்துகிறது' என்று தோன்றும் பதிவுகளில் பெரும்பாலானவை வேகம் தப்பியவை. திருத்துவதற்கு நல்ல சாட்சி, ஆம்ப்பிலிருந்து வரும் மின்சார முனகல். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 50. ஒரு அமெரிக்கக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, கூட்டம் அடங்கியிருக்கும் ஒரு பத்து செகண்டைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் வரையச் சொல்லுங்கள். அளவை 65536 என்று வையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 0.67 ஹெர்ட்ஸ் துல்லியம் தரும். 60இல் பார்த்தால் அந்தத் துல்லியம் போதாது, ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகும். அதனால் ஐந்தாவது மடங்கான 300இல் பாருங்கள். அங்கே சிகரம் 307.5இல் நின்றால் டேப் 2.5 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 300ஐ 307.5ஆல் வகுத்தால் 0.9756. ஆக, வேகத்தை 2.44 சதவீதம் குறைக்க வேண்டும். ஏறக்குறைய அரைச் சுருதியில் பாதி இது. பாடகர் குரல் கொஞ்சம் சின்னப் பையன் குரல் போல இருந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. திருத்தும்போது வேகத்தை மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சுருதியை விட்டுத் தாளத்தை மட்டும் மாற்றும் கட்டளையைத் தொட்டால் பதிவு குட்டிச்சுவர்.

சில சமயம் 307.5இல் ஒரு சிகரமும் சரியாக 300இல் இன்னொன்றும் தெரியும். இரண்டாவது, டிஜிட்டல் ஆக்கியவர் வீட்டு டெக்கின் முனகல். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்கக் கச்சேரியில் துல்லியமாக 50 மட்டும் தெரிந்தாலும் கதை அதேதான், ஐரோப்பாவில் யாரோ டெக்கிலிருந்து எடுத்திருக்கிறார். பழைய தொலைக்காட்சிப் பெட்டியோ கேமராவோ அருகில் இருந்த பதிவில் 15,734 ஹெர்ட்ஸ் விசில் கிடைக்கும். ஐரோப்பாவானால் 15,625. முனகலைவிட இது இன்னும் துல்லியமான அளவுகோல், டேப் அவ்வளவு உயரம் வரை பிடித்திருந்தால்.

ஒரே எண்ணை முழு டேப்புக்கும் போட்டுவிடக் கூடாது. பேட்டரியில் ஓடிய ரெக்கார்டர் கச்சேரி முடிவதற்குள் களைத்துவிடும். பதிவாகும்போது டேப் மெதுவாக ஓடியதால், திரும்பக் கேட்கும்போது முடிவை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும். பக்கத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் அளந்து, படிப்படியாக மாற்ற வேண்டும். பக்கம் திருப்பியதும் அளவு மறுபடி மாறும்.

முனகல் கிடைக்காவிட்டால் இசையைத்தான் பிடிக்க வேண்டும். கிட்டாரை நம்பாதீர்கள். பல குழுக்கள் அரைச் சுருதி இறக்கிக் கட்டுவார்கள். ஸ்டுடியோ ஆல்பத்தோடு ஒப்பிட்டு 'சரி' செய்தால் சரியாக இருந்த டேப்பை 5.9 சதவீதம் ஏற்றிவிடுவீர்கள். பியானோ, ஆர்கன், ஹார்மோனிகா நல்ல சாட்சிகள். ஹார்மோனிகாவை வாசிப்பவர் நினைத்தால்கூட இஷ்டத்துக்குச் சுருதி கட்ட முடியாது. மெலட்ரானைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், அதுவே உள்ளே டேப் ஓடும் கருவி.

கேசட்டிலிருந்து எடுக்கும்போது

மாஸ்டரோ முதல் தலைமுறையோ கையில் கிடைத்தால், அதை டிஜிட்டல் ஆக்கும் வேலையை அவசரப்படாமல் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். முதலில் கேசட்டின் நடுவில் இருக்கும் அழுத்தத் திண்டைப் பாருங்கள். பழையவற்றில் பசை காய்ந்து விழுந்திருக்கும். திண்டு இல்லாமல் ஓட்டினால் ஒலி மங்கி, அலைபாயும். ஐந்து திருகு போட்ட காலிக் கேசட் ஒன்றைத் திறந்து, டேப்பை அதற்கு மாற்றிவிடுவது நல்லது. ஹெட்டையும், டேப்பை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் உருளையில் ஆல்கஹாலைக் குறைவாகவே தொடுங்கள். டேப்பை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டால் சுற்று சீராகும்.

அப்புறம் அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. கேசட் செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் டேப்பில் 4.76 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பதிவு செய்த டெக்கின் ஹெட் எவ்வளவு சாய்ந்திருந்ததோ உங்கள் டெக்கும் அவ்வளவு சாய்ந்தால்தான் அந்த ஒலி வெளியே வரும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகு இருக்கும். அதன் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, நூலிழை நூலிழையாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டி வராது. சாய்வு பொருந்தும் கணத்தில் சிம்பல் திரை விலகியது போலத் திறக்கும், அந்த இடத்தில் விடுங்கள். இரண்டாவது பக்கத்துக்கு இதை மறுபடி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்துவிட்டுப் பிறகு ஈக்வலைசரில் டிரெபிளை ஏற்றுவது, சல்லடையில் இல்லாத மாவைச் சலிப்பது மாதிரி. இரைச்சல்தான் ஏறும்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். இரைச்சல் நீக்கி எதையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். டால்பி போட்டதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் டால்பி இல்லாமல் எடுத்து, அப்படி எடுத்ததாக எழுதி வையுங்கள். பின்னால் ஒருவர் சரியான அளவு கண்டுபிடித்து மென்பொருளில் விரிக்கலாம். ரீல் டேப்பாக இருந்து, ஓடும்போது கீச்சிட்டு ஹெட்டில் பிசுக்கு ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். 1970, 80களின் ஆம்பெக்ஸ் 456 போன்றவற்றில் பசை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாட்டி எடுத்தால் கொஞ்ச நாளைக்கு ஓடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவும் பழைய அசிடேட் டேப்பை மட்டும் வாட்டவே கூடாது.

டெமோ கேசட்டில் ஒரு விசித்திரம் வரும். டெக்கில் போட்டால் பாட்டு பேய் போல இழுத்து இழுத்து ஓடும். திருப்பிப் போட்டால் எல்லாம் பின்னோக்கிக் கேட்கும். கெட்டுப்போன டேப் என்று தூக்கிப் போடாதீர்கள், கையில் இருப்பது புதையல். 1979இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 சாதாரண கேசட்டில் நான்கு டிராக்கையும் ஒரே திசையில், இரட்டை வேகத்தில், அதாவது செகண்டுக்கு 9.5 சென்டிமீட்டரில் பதிவு செய்தது. வீட்டு டெக் முதல் பக்கத்தில் 1, 2 டிராக்குகளைப் பாதி வேகத்தில் வாசிக்கும். மறுபக்கத்தில் 3, 4 டிராக்குகள் தலைகீழாக வரும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்து, இரண்டாவதைப் பின்னோக்கித் திருப்பி, இரண்டின் வேகத்தையும் இரட்டிப்பாக்கி, நான்கு டிராக்காக அடுக்கினால், அந்தக் குழுவே மிக்ஸ் செய்ய உட்கார்ந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. பாதி வேகத்தில் எடுப்பதால் எல்லா ஒலியும் பாதி அதிர்வெண்ணில் வரும், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் இழப்பு இல்லை. மற்றொன்று, அடுத்து வந்த 244இல் டிபிஎக்ஸ் என்ற இரைச்சல் குறைப்பு முறை இருந்தது. வேகத்தைச் சரிசெய்த பிறகுதான், அதுவும் ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனியாக, அதை விரிக்க வேண்டும். கலந்துவிட்டு விரித்தால் டிரம்ஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் பம்மும்.

டெமோ என்ற பெயரில் உலவும் போலிகள் கச்சேரிப் போலிகளைவிட அதிகம். பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் இதற்கு 'அவுட்ஃபேக்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டீரியோவில் ஒரு பக்கத்தை அணைத்துவிட்டு 'குரல் இல்லாத டேக்' (டேக் என்றால் ஒரு தடவை வாசித்த பதிவு) என்பது பழைய வித்தை. 2009இல் வந்த பீட்டில்ஸ் ராக் பேண்ட் விளையாட்டிலிருந்து தனித்தனி டிராக்குகள் கசிந்ததும் இந்தத் தொழில் செழித்தது. இப்போது கருவிகளைப் பிரிக்கும் மென்பொருள் யார் கையிலும் இருக்கிறது. சோதனை எளிது: வெளியான பாட்டையும் 'டெமோ'வையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கிச் சேர்த்துப் பாருங்கள். குரலோ டிரம்ஸோ கணிசமாகக் கரைந்தால் அது அதே டேக்தான். வேறு டேக் என்றால் எதுவும் கரையாது. எத்தனை கச்சிதமான கலைஞரும் இரண்டு முறை ஒரே மில்லிசெகண்டில் வாசிக்க மாட்டார். பிரிக்கும் மென்பொருளின் கைவரிசை சிம்பலில் தெரியும், தண்ணீருக்குள் தட்டியது போல நெளியும்.

தேதியைச் சரிபார்க்கப் பாட்டு வரிசை முதல் கருவி. பிங்க் ஃபிளாய்டின் 1974 குளிர்காலச் சுற்றில் வாசித்த இரண்டு பாட்டுகள் வேறு பெயரில், வேறு வரிகளோடு இருந்தன. மாறிய வடிவில் அவை 1977 ஆல்பத்தில் வந்தன. அந்தச் சுற்றில் ஸ்டோக் நகரத்தில் எடுத்த பூட்லெக்கைப் பலர் குழுவின் புது ஆல்பம் என்றே நினைத்து வாங்கினார்கள். பாட்டின் பெயர், வரிகளின் வடிவம், சோலோவின் நீளம் மூன்றையும் வைத்து ஒரு பதிவை எந்தக் காலாண்டில் நடந்தது என்ற அளவுக்கு நெருக்கலாம். மேடைப் பேச்சு மிச்சத்தைச் சொல்லிவிடும். அதனால்தான் பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்திருக்கும் பிரதிகள் எனக்கு ஆகாது.

ஆடியன்ஸையும் சவுண்ட்போர்டையும் சேர்த்து மேட்ரிக்ஸ் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. மைக் ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி வந்து சேர 87 மில்லிசெகண்ட் ஆகும், அதை நகர்த்திப் பொருத்திவிடலாம். பொருத்திய பிறகும் ஓடி ஓடி விலகும். இரண்டு ரெக்கார்டர்களின் வேகம் 0.01 சதவீதம் மாறினாலே ஒரு மணி நேரத்தில் 0.36 செகண்ட் தள்ளிப் போகும். தொடக்கத்தில் ஒரு ஸ்னேர் அடி, முடிவில் ஒரு ஸ்னேர் அடி என்று இரண்டையும் பிடித்து நீட்டிப் பொருத்துங்கள்.

சேமித்து வைப்பதில் ஒரு விஷயத்தில் மட்டும் பலர் தடுக்கி விழுகிறார்கள். எம்டி5 என்பது முழுக் கோப்பின் கைரேகை. டேகில், அதாவது கோப்புக்குள் எழுதியிருக்கும் பாட்டுப் பெயர் போன்ற விவரத்தில், ஒரு எழுத்து திருத்தினாலும் மாறிவிடும். ஃபிளாக் கைரேகை உள்ளே இருக்கும் ஒலிக்கு மட்டுமானது, டேக் மாறினாலும் மாறாது. எம்டி5 பொருந்தவில்லை என்று நல்ல பதிவைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஃபிளாக் கைரேகையை ஒப்பிடுங்கள். இடத்துக்குக் கணக்கு: சிடி தரத்தில் இரண்டு மணி நேரக் கச்சேரி சுருக்காமல் சுமார் 1.27 ஜிபி, 24/96இல் 4.1 ஜிபி. ஃபிளாக் அதைப் பாதியை ஒட்டிய அளவுக்கு இறக்கும். பழைய சிடி-ஆரில் வைத்திருப்பவர்கள் இன்றே கணினிக்கு மாற்றுங்கள், சாயம் மங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டில் எரித்த டிஸ்க்குக்கு, மற்றவர்கள் படித்த அதே சிடியோடு ஒப்பிடும் அக்யுரேட்ரிப் உதவாது. சிடி படிக்கும் ஈஏசி மென்பொருளில் பாதுகாப்பு முறையில் இரண்டு தடவை படித்து, இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்க வேண்டும். குழு, தேதி, அரங்கம், பாட்டு வரிசை, அப்புறம் வழித்தடம். வழித்தடம் இப்படி இருந்தால் போதும்: 'மாஸ்டர் கேசட், டிடிகே எஸ்ஏ90, டால்பி இல்லை. அசிமத் திருத்தி 24/96இல் எடுத்தது. முதல் பக்கம் மைனஸ் 2.44 சதவீதம், இரண்டாம் பக்கம் மைனஸ் 1.9. நான்காவது பாட்டில் டேப் திருப்பிய இடத்தில் வெட்டு. இரைச்சல் நீக்கவில்லை.' வெட்டை மறைக்க வேறு கச்சேரியிலிருந்து ஒட்டுப் போட்டிருந்தால் நிமிடம், செகண்டோடு எழுதுங்கள். எழுதாமல் ஒட்டிய இருபது செகண்ட், பத்து வருடம் கழித்து ஒருவருடைய தேதி ஆராய்ச்சியைக் கவிழ்த்துவிடும்.

காசு விஷயத்தில் இந்த வட்டத்தின் பழக்கம் பழசு: காலி டேப்பும் தபால் செலவும் அனுப்பினால் பிரதி கிடைக்கும், அதற்கு மேல் வாங்கினால் அவர் வியாபாரி. கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரில் பெர்க்லியில் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது, விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எல்லாக் குழுவும் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1994 முதல் அனுமதியில்லாத கச்சேரிப் பதிவுக்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது. எந்தக் குழு எதை அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டே பகிருங்கள்.

ஐரோப்பாவில் 50 வருடம் வெளியிடாமல் வைத்த பதிவுக்கு உரிமை போய்விடும் என்பதால், நிறுவனங்களே வருடக் கடைசியில் பழையதை அவசரமாக வெளியிடுவதுண்டு. 2013 டிசம்பரில் 59 பீட்டில்ஸ் பதிவுகள் ஐடியூன்ஸில் திடீரென்று முளைத்தது அப்படித்தான். 2018இல் பீட்டில்ஸின் ஈஷர் டெமோக்கள் 27உம் அதிகாரபூர்வமாக வந்தன. அப்படி ஒன்று வந்தால் அதை வாங்குங்கள், பூட்லெக்கைப் பகிர்வதை நிறுத்துங்கள். ஆனால் உங்கள் பிரதியை அழித்துவிடாதீர்கள். அதிகாரபூர்வ வெளியீட்டில் மேடைப் பேச்சு போயிருக்கும், இரண்டு நாள் கச்சேரிகளை ஒன்றாகத் தைத்திருப்பார்கள், தப்பிய ஸ்வரத்தை ஸ்டுடியோவில் போய்த் திருத்தியிருப்பார்கள். எது எங்கே மாறியிருக்கிறது என்பதையும் அதே டெக்ஸ்ட் கோப்பின் அடியில் இரண்டு வரி சேர்த்து வையுங்கள்.